வெள்ளிக்கிழமைக் காவல்

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் குவாரியில் பகல் சாப்பாடு இரண்டு மணிக்குப் பிறகுதான். முதலில் ஜும்ஆத் தொழுகை, அடுத்தது வெடி, அதற்குப் பிறகு சோறு. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இதைக் கேட்டு முகத்தைச் சுளிப்பார்கள். ஒரு மாதத்தில் வயிறு பழகிவிடும். நீங்கள் சோற்றைப் பற்றிக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும், சேர். ஆனால் இந்த ஒழுங்கு விளங்காவிட்டால் மற்றது ஒன்றும் விளங்காது.

என் பெயர் லாபிர். வயது ஐம்பத்தேழு. பிறந்தது கிண்ணியா, கலியாணம் முடித்துக் குடியேறியது குச்சவெளி. முப்பத்தொரு வருடம் கல்லுக்கு வெடி வைத்திருக்கிறேன். அனுமதிப்பத்திரம் என் பெயரில்தான் இருக்கிறது. நீங்கள் தந்த கடதாசியில், அன்று பகல் 12.51க்கு எனக்கு வந்த தொலைபேசி அழைப்புப் பற்றி எழுதித் தரவும் என்று ஒரேயொரு வரி இருக்கிறது. இளம் வயது அதிகாரி, கேள்வியைச் சுருக்கமாக வைத்துவிட்டீர்கள். பதிலைச் சுருக்க என்னால் ஏலாது. என்னை ஒருவரும் அடிக்கவில்லை, வெருட்டவில்லை. தேத்தண்ணி தந்தார்கள், சீனிதான் காணாது.

குவாரி இருப்பது குச்சவெளிக் கடற்கரை வீதியிலிருந்து உள்ளே மூன்று கிலோமீற்றரில். திருகோணமலைப் பக்கத்துக் கடல் அணைகளுக்குப் போகிற பெரிய கற்கள் அங்கேதான் உடைபட்டன. நாற்பது பேர் வேலை. நாலு பேரைத் தவிர எல்லோரும் எங்கள் ஆட்கள். அந்த நாலு பேரில் ஒருவர் இராசதுரை. ஊர் சல்லி. கடற்தொழில் குடும்பம். சுனாமிக்குப் பிறகு கடலில் கால் வைக்க மனம் வராமல் எங்களிடம் காவலாளியாக வந்தவர். செத்தவரைப் புகழ்கிறேன் என்று நினைக்கவேண்டாம், உயிரோடு இருந்தபோதும் அவர் நல்ல மனிதர்தான். சொன்ன வேலையை இரண்டாம் தரம் சொல்ல வைக்கமாட்டார்.

எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தம் ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை நாங்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போனால் இராசதுரை காவல் நிற்பார். மற்ற மூன்று பேரும் அந்த நேரத்தில் லொறியோடு வெளியே இருப்பார்கள். பொங்கல், சல்லி அம்மன் கோயில் திருவிழா என்று அவர் போகிற நாட்களில் எங்களில் ஒருவர் நிற்போம். அனேகமாக நான்தான் நிற்பேன். பதினாறு வருடம் இதற்கு ஒரு குறையும் வந்ததில்லை. அரசியல்வாதிகள் மேடையில் சொல்கிற ஒற்றுமை எல்லாம் எங்களிடம் ஒரு சிவப்புக் கொடியிலும் ஒரு கயிற்றிலும் நடந்துகொண்டிருந்தது. கொடியைப் பாதையில் கட்டி, விறகு பொறுக்க வருகிறவர்களையும் மாடு மேய்க்க வருகிறவர்களையும் உள்ளே விடாமல் பார்ப்பதுதான் வேலை. காவல் கொட்டில் வெடி வைக்கிற கற்சுவர் முகப்பிலிருந்து முந்நூறு மீற்றர் தூரத்தில், கற்குவியலுக்கு அந்தப்பக்கம் இருந்தது. அங்கே நிற்கிறவருக்கு ஒரு ஆபத்தும் இல்லை. இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, வெடிமருந்தைத் துளையில் போட்டுவிட்டு ஏன் பள்ளிக்குப் போனீர்கள் என்று கேட்பீர்கள். போன தரம் விசாரிக்க வந்தவர்களும் கேட்டார்கள். அது சண்டைக் காலத்துப் பழக்கம், சேர். நீங்கள் அப்போது பள்ளிக்கூடம் போயிருப்பீர்கள். அந்த நாளில் எங்களைப் போன்ற ஆட்களின் பக்கத்தில் வெடிமருந்து ஒரு மணித்தியாலம் சும்மா கிடந்தாலே கேள்வி வரும். அரைத் தோட்டா குறைந்ததற்காக நான் பதினொரு நாள் ஒரு முகாமில் குந்தியிருந்தேன். அதற்குப் பிறகு எங்கள் வேலைத்தலத்தில் ஒரு சட்டம் உண்டானது. மருந்து வந்தால் உடனே துளைக்குள் போட்டு வாயை அடை. மண்ணுக்குள் போனால் ஒருவரும் எடுக்க ஏலாது, ஒருவரும் எண்ண ஏலாது. சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும் லொறிச் சத்தம் கேட்டால் எங்கள் கை தானாகத் துளையைத் தேடும். மருந்து மேலே கிடந்தால் ஆபத்து, உள்ளே கிடந்தால் பாதுகாப்பு என்று நாற்பது பேரும் நம்பினோம். கல்லும் அதற்கு ஒத்துப்போனது.

பிறகு கீழ் முகப்பைத் திறந்தோம். மேலே எல்லாம் வெள்ளைக் கருங்கல். கீழே வந்தது கறுப்பு, இடையிடையே மஞ்சள் மினுக்கம். மழை பெய்தால் அதிலிருந்து துருத் தண்ணீர் வடியும். துளைத்தால் தீக்குச்சி உரசின மணம் வரும். அந்த நேரத்தில்தான் பாதுகாப்பு அலுவலராக சுதர்ஷினி மிஸ்ஸை எடுத்தார்கள். நிலாவெளிப் பிள்ளை, வயது முப்பது இருக்கும், பல்கலைக்கழகத்தில் கல்லைப் பற்றியே படித்தவர். வந்த இரண்டாம் கிழமை எங்களைத் தகரக் கூரைக்குக் கீழே இருத்தி வைத்துப் பாடம் எடுத்தார். இந்தக் கல்லில் கந்தகம் கலந்த தாது இருக்கிறது, அது உரத்தில் செய்த எங்கள் வெடிமருந்தோடு சேர்ந்தால் நெருப்பே இல்லாமல் தானாகச் சூடேறும், சூடேறிப் புகையும், புகைந்து வெடிக்கும் என்றார். ஆகவே ஒவ்வொரு புதுத் துளை வரிசைக்கும் கல்லைச் சோதிக்கவேண்டும். துளையிலிருந்து வந்த தூளால் வாயை அடைக்கக்கூடாது, மேல் முகப்பின் சுத்தமான பொடிக்கல்தான் போடவேண்டும். மருந்தைப் போட்டால் துளைக்குள் கிடக்கவிடாமல் உடனே வெடிக்கவேண்டும். துளையில் புகை கண்டால் கேள்வி இல்லை, ஆராய்ச்சி இல்லை, எல்லோரும் விலகி ஓடவேண்டும், ஒருவரும் கிட்டப் போகக்கூடாது.

எல்லாம் சரியான விஷயம். இன்று எழுதும்போது அதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கமாட்டேன். அன்று நான் முன் வரிசையில் கதிரையில் இருந்தேன். இரண்டு தொடையையும் தட்டிக்கொண்டு எழும்பி, எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

"மிஸ், இந்தக் கல்லு தானாப் புகைஞ்சா என்ட லைசென்ஸைக் கிழிச்சு உங்கட கையில தாறன்."

நாற்பது பேரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்துவிட்டு, சோதனை செய்கிற பொறுப்பை என்னிடமே தந்தார். அவருக்கு என் மேல் கோபம் இல்லை. மரியாதைதான் இருந்தது, அதுதான் எனக்கு ஆகவில்லை. அன்றிலிருந்து ஆட்களுக்கு அது ஒரு பகிடி. காலையில் கண்டால் ஸலாம் சொல்ல முன்னம், "நானா, லைசென்ஸ் பொக்கட்டிலயா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்பார்கள். நானும் சட்டைப் பையைத் தட்டிக் காட்டுவேன்.

சோதனை என்பது பெரிய வித்தை இல்லை. கல்லுத்தூளையும் மருந்தையும் கண்ணாடிக் குப்பியில் கலந்து, சுடுதண்ணீர்ச் சட்டியில் வைத்து, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருப்பது. முதல் மூன்று வரிசைக்கும் ஒழுங்காகச் செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது வரிசை முழுக்கக் கறுப்புக் கல். மூன்று மணித்தியாலமும் பத்து நிமிடமும் குப்பி சும்மா இருந்தது. பிறகு குமிழி வந்தது, வெப்பமானி ஏறியது, குப்பியின் வாயால் செம்மஞ்சள் நிறத்தில் புகை வந்தது. ஸ்டோர் அறையில் நான் தனியாக இருந்தேன். அந்தப் புகையை இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று நினைக்கிறேன். பிறகு குப்பியைப் பற்றைக்குள் எறிந்துவிட்டு, மேல் முகப்பின் வெள்ளைக் கல்லைத் தூளாக்கிப் புதுக் குப்பி ஒன்று வைத்தேன். அது ஆறு மணித்தியாலமும் ஒழுக்கமாக இருந்தது. தாளில் மாற்றம் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

ஏன் என்றால், உண்மையைச் சொல்லியிருந்தால் கீழ் முகப்பை மூடியிருப்பார்கள். இந்தக் கல்லுக்கு ஏற்ற வேறு மருந்து கொழும்பிலிருந்து வரவேண்டும், அது எப்போது வருமோ அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். நாற்பது குடும்பத்தின் அடுப்பு அதை நம்பி எரிந்தது. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த நாற்பது பேரும் அடுத்த நாள் காலையில் வந்து லைசென்ஸ் எங்கே என்று கேட்பார்கள் என்பதுதான் முதலில் என் மனதில் வந்தது.

நான் கண்மூடித்தனமான ஆள் இல்லை. குப்பி எனக்கு மூன்று மணித்தியாலம் பத்து நிமிடம் என்று சொல்லியிருந்தது. அதைக் கணக்கில் எடுத்து வேலை செய்தேன். மற்ற நாட்களில் மருந்து போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் வெடித்தேன். நானாவுக்கு வயது போகப் போக வேகம் கூடுது என்று ஆட்கள் புகழ்ந்தார்கள். வெள்ளிக்கிழமை மட்டும்தான் இடைஞ்சல். பத்தரைக்கு லொறி வரும், மருந்தைப் போடுவோம், தொழுதுவிட்டு வந்து ஒன்றரைக்கு வெடிப்போம். அதுவும் மூன்று மணித்தியாலம்தான். பத்து நிமிடம் மிச்சம் இருந்தது.

ஒரு வெள்ளி, தொழுதுவிட்டு வந்து மருந்து போடுவோம் என்று சொல்லிப் பார்த்தேன். ஆட்கள் முணுமுணுத்தார்கள், வீட்டுக்குப் போக அஞ்சு மணியாகும் என்று. அதைத் தாங்கியிருப்பேன். ஆனால் மிஸ் ஓடி வந்து, "லாபிர் நானா, சோதனையில ஏதும் கண்டனீங்களோ? ஏன் திடீரெண்டு மாத்திறீங்கள்?" என்று கேட்டார். அந்தப் பிள்ளைக்கு மூளை கூர்மை. ஒன்றுமில்லை மிஸ், சும்மா என்றேன். அடுத்த வெள்ளி பழைய ஒழுங்குக்கே திரும்பிவிட்டோம்.

அப்படி ஏழு வெள்ளி போனது. எட்டாவது வெள்ளி, பொங்கல் முடிந்து இரண்டாவது வெள்ளி. பொங்கலன்று இராசதுரைக்குப் பதிலாகக் காவல் நின்றவன் நான். அடுத்த நாள் அவருடைய மனைவி இரத்தினேஸ்வரி எனக்கென்று தனியாக ஒரு சட்டியில் பொங்கல் புக்கை கொடுத்தனுப்பியிருந்தாள். அந்த வெள்ளி லொறி ஒரு மணித்தியாலம் முந்தி வந்துவிட்டது. ஒன்பதரைக்கு வாசலில் நின்றது. நான் நிற்பாட்டியிருக்கலாம். பத்தரை வரைக்கும் லொறியிலேயே இருக்கட்டும் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் ஆட்கள் லொறியைக் கண்டவுடனே வழக்கம்போலப் பெட்டிகளை இறக்கத் தொடங்கிவிட்டார்கள். ஏன் காத்திருக்கவேண்டும் என்று ஒருவன் கேட்டால் நான் என்ன சொல்வது? முதல் வரிசைக்கு ஒன்பது நாற்பதுக்கு மருந்து போனது. வாய்க்குத் துளைத்தூளையே போட்டு அடைத்தோம், அதுதான் கைக்குக் கிட்ட இருந்தது. சுதர்ஷினி மிஸ் அன்று பட்டினத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். ஒன்பது நாற்பதோடு மூன்று மணித்தியாலம் பத்து நிமிடத்தைக் கூட்டினால் பன்னிரண்டு ஐம்பது. இதை நான் பள்ளிக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளில் இருந்துகொண்டே கூட்டினேன். குப்பி வேறு, மலை வேறு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

12.51க்கு அழைப்பு வந்தது உண்மை. அதில் என்ன கதைத்தோம் என்பதற்குப் பிறகு வருகிறேன். ஜமாஅத்தாக நின்று தொழத் தொடங்கி, இரண்டாவது றக்அத்தில் குனிந்திருக்கும்போது பள்ளியின் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஒருவரும் தொழுகையை முறிக்கவில்லை. நானும் முறிக்கவில்லை. ஸலாம் கொடுத்து முடித்த பிறகுதான் எல்லோரும் ஓடினோம்.

நான் முதலில் போய்ச் சேர்ந்தேன். இராசதுரையை அடையாளம் காட்ட அவருடைய சப்பாத்து ஒன்றுதான் ஒழுங்காக இருந்தது. அதைக் கண்டு நான் அழுதேன். அது நடிப்பு இல்லை, சேர், பதினாறு வருடப் பழக்கம். வாசலில் மிஸ் ஒரு பிஸ்கட் தகரம் வைத்திருந்தார், பீடி குடிக்கிற ஆட்கள் பீடிக் கட்டையும் லைட்டரையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். மற்றவர்கள் வந்து சேர முன்னம் அதிலிருந்து ஒரு கட்டையும் ஒரு லைட்டரையும் எடுத்துக் கொட்டிலில் தொங்கிய இராசதுரையின் சோற்றுப் பைக்குள் வைத்தேன். பிறகு போய் மறுபடியும் சப்பாத்துக்குப் பக்கத்தில் குந்தினேன்.

விசாரணையில் நான் அதிகம் கதைக்கவில்லை. இராசதுரை முன்பு பீடி குடிப்பார், விட்டுவிட்டதாகச் சொன்னார், விட்டாரோ தெரியாது என்றேன். பை அவர்களிடம் இருந்தது. அழைப்பு ஏதும் வந்ததா என்று கேட்டார்கள், இல்லை என்றேன். அவருடைய தொலைபேசி தூளாகிவிட்டது, அதை ஒருவரும் தோண்டிப் பார்க்கவில்லை. காவலாளியின் கவனக்குறைவு, முகப்பில் பீடி பற்றவைத்தார் என்று எழுதி முடித்தார்கள். கல்லைச் சோதியுங்கள் என்று மிஸ் சத்தம் போட்டார். சோதித்த தாள் இருக்கிறதே என்று என் கையெழுத்தைக் காட்டினார்கள். பீடி கொண்டுபோவதைத் தடுக்கத் தவறிய குற்றத்துக்கு மிஸ்ஸையே வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள். முகப்பை மண் போட்டு மூடியாயிற்று. எனக்கு அந்தப் பிள்ளையின் மேல் உண்மையாகவே இரக்கம் வந்தது. போகிற அன்று அவருடைய புத்தகப் பெட்டியை பஸ் வரைக்கும் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

இரத்தினேஸ்வரியை நான் கைவிடவில்லை. மாதம் ஒருமுறையாவது சல்லிக்குப் போவேன். கூரைத் தகரம் மாற்றிக் கொடுத்தேன், கிணற்று மோட்டரைத் திருத்தினேன். என்னை நானா, நானா என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். ஆனால் புருஷனைப் பற்றி ஒரு சொல் எடுக்கமாட்டாள். முதலாம் ஆண்டுத் திவசத்தை அவள் செய்யவில்லை. படத்துக்கு மாலை போடவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள்.

"அம்மன் கோயில் திருவிழாவில கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணினவர் நானா, இனிப் பீடி தொடமாட்டன் எண்டு. எட்டு மாசம் என்னைப் பேய்க்காட்டி இருக்கிறார். என்னையும் பேய்க்காட்டி, அம்மாளையும் பேய்க்காட்டித்தானே செத்தவர். அவருக்கு நான் என்னத்துக்குப் படைக்க?"

அவர் அவளை ஏமாற்றவில்லை. அந்த எட்டு மாதத்தில் ஒரு பீடிகூட அவர் தொடவில்லை என்பது எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்று நான் பற்றவைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்தேன். இரண்டாம் வருடமும் திவசம் வந்தது, அவள் குசினியை விட்டு வெளியே வரவில்லை. சொந்தக்காரர்கள் வந்து திரும்பிப் போனார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. அவளைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னேன், அன்று பகல் அவர் எனக்கு ஃபோன் எடுத்தவர், உன்னைப் பற்றித்தான் கதைத்தவர், பின்னேரம் வரும்போது இரத்தினத்துக்கு நல்ல விளைமீன் வாங்கிக்கொண்டு போகவேண்டும் என்று சொன்னவர் என்று. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடுத்த நாளே ஐயரைக் கூப்பிட்டுத் திவசம் செய்தாள். படத்துக்கு மாலை போட்டாள். எனக்கும் ஒரு பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

அவள் அதைச் சல்லி முழுக்கச் சொல்லியிருக்கிறாள். சுதர்ஷினி மிஸ்ஸும் அவளைப் பார்க்க அடிக்கடி வருவார் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. மிஸ் அந்த இரண்டு வருடமும் சும்மா இருக்கவில்லை. மூடிய முகப்பின் ஓரத்தில் கல் பொறுக்கி, தன் வீட்டு அடுப்பில் குப்பி வைத்து, புகை வந்ததைப் படம் பிடித்து வைத்திருந்தார். இரத்தினேஸ்வரி சந்தோசமாகச் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு, எத்தனை மணிக்கு எடுத்தவர் என்று மட்டும் கேட்டிருக்கிறார். பிறகு உங்களிடம் வந்திருக்கிறார், மிச்சம் உங்களுக்குத் தெரியும். தொலைபேசிக் கம்பனியிலிருந்து நீங்கள் எடுத்த பட்டியலில் 12.51, ஐந்து நிமிடம் நாற்பது செக்கன் என்று இருக்கிறது. அழைப்பு வரவில்லை என்று நான் சொன்னது பொய், குப்பித் தாளும் பொய். இந்த இரண்டுக்கும் என்ன தண்டனையோ அதை ஏற்றுக்கொண்டு நான் இந்த இடத்தில் நிறுத்தலாம். வக்கீலும் அப்படித்தான் சொன்னார். ஆனால் நீங்கள் கேட்டது அழைப்பைப் பற்றி.

குத்பாப் பிரசங்கம் முடிகிற நேரம் பொக்கட்டில் தொலைபேசி அதிர்ந்தது. பெயரைப் பார்த்தேன். எழும்பி, கை கால் கழுவுகிற ஹவுழடிக்குப் போய் எடுத்தேன்.

"நானா, கீழ் முகப்பில மூண்டாம் துளையடியில மஞ்சளாப் புகை வருது. மிஸ் ஓடச் சொன்னவ எல்லோ. நான் றோட்டடிக்குப் போகட்டோ?"

எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டேன். கொட்டிலடியில் என்றார். அதாவது முந்நூறு மீற்றர் தூரத்தில். அங்கே நின்றால் காதடைக்கும், அவ்வளவுதான்.

"அது மழைத் தண்ணி ஆவியாகுது துரை. பயப்புட ஒண்டுமில்ல. கிட்டப் போய் எத்தினை துளையில வருதெண்டு பாத்துச் சொல்லுங்க. ஃபோனை வைக்காதீங்க."

"மிஸ்ஸுக்கு ஒருக்கா எடுக்கட்டோ?"

"வேணாம். நான் எடுக்குறன். நீங்க நடங்க."

அவர் நடந்தார். முந்நூறு மீற்றர் நடக்க ஒரு மனிதனுக்கு மூன்று நிமிடம், மூன்றரை நிமிடம் செல்லும். கல்லுப் பாதை, அவருக்கு ஒரு காலில் கொஞ்சம் நொண்டல். நடக்கிற வழியெல்லாம் நான் கதைத்துக்கொண்டே இருந்தேன், பாதையில் ஆட்கள் யாரும் நிற்கிறார்களா, மாடு ஏதும் வந்ததா என்று. அவர் மூச்சு வாங்குவது கேட்டது. முகப்புக்குப் போய்ச் சேர்ந்ததும், மூன்று துளையில் வருகிறது, பக்கத்துக் கல்லில் கை வைக்க ஏலாமல் சூடாகக் கிடக்கிறது என்றார். அப்படியென்றால் ஈர மண் அள்ளி வாய்க்குப் போடுங்கள், நின்றுவிடும் என்றேன். அவர் சரி என்றார். உள்ளே இகாமத் சொல்லத் தொடங்கியது அவருக்கும் கேட்டிருக்கிறது.

"நானா, தொழுகை தொடங்குது போல. நீங்க போங்கோ, பிந்தப் போகுது. நான் பாத்துக்கொள்ளுறன்."

இதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. நான் தொலைபேசியை அணைத்துவிட்டு உள்ளே போய் வரிசையில் நின்றேன்.

நான் ஓடச் சொல்லியிருந்தால் அவர் ஓடியிருப்பார். ஓடாமல் கொட்டிலிலேயே நின்றிருந்தாலும் உயிரோடு இருந்திருப்பார். பிறகு எல்லோரும் வந்து கேட்பார்கள். நெருப்பே இல்லை, தானாகத்தான் புகைந்தது என்று அவர் சொல்வார். பொய் சொல்ல அவருக்கு வராது. அடுத்ததாகக் குப்பியைக் கேட்பார்கள், தாளைக் கேட்பார்கள், நாற்பது பேருக்கு முன்னால் என்னிடம் லைசென்ஸைக் கேட்பார்கள். ஆகவே வெடிக்கிற நேரம் இராசதுரை கொட்டிலில் நிற்கக்கூடாது, முகப்பில் நிற்கவேண்டும். இதை யோசிக்க எனக்கு நேரம் எடுக்கவில்லை. எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டபோதே யோசித்து முடித்துவிட்டேன். பீடிக் கட்டு பிறகு வந்த யோசனை, அதை இதோடு சேர்க்கவேண்டாம். இராசதுரையைக் கல் கொல்லவில்லை, நான் கொன்றேன். லாபிர் என்று கீழே கையெழுத்து வைக்கிறேன்.

கையெழுத்துக்கு முன்னம் ஒரு வேண்டுகோள். இதை இரத்தினேஸ்வரிக்கு வாசித்துக் காட்டுவீர்கள், சட்டம் அப்படித்தான் இருக்கும். பீடி குடிக்கவில்லை என்பதைச் சொல்லுங்கள், அது அவளுக்கு நல்லது. அவர் கடைசியாகச் சொன்ன வசனத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கடைசி நேரத்தில் அவர் என் தொழுகையைப் பற்றித்தான் யோசித்தார், தன்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்று தெரிந்தால் அவள் உடைந்துபோவாள். அந்த விளைமீன் கதை அப்படியே இருக்கட்டும். அவள் மனம் நோகிற மாதிரி நான் இதுவரை ஒன்றும் செய்ததில்லை.